சொந்தப் பாட்டை எங்கே பதிவு செய்வது: வீடா, ஸ்டூடியோவா, கல்யாண மண்டபமா?

பாட்டு எழுதி மெட்டும் போட்டு முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது, "அண்ணாச்சி, எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். நெல்லை வண்ணார்பேட்டையில் கேட்டாலும் வள்ளியூரில் கேட்டாலும் இதில் மாற்றமில்லை. அதற்கடுத்த கேள்வி, எவ்வளவு செலவாகும். இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: உங்கள் பாட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் சேர்ந்து வாசித்தாக வேண்டும்?

தானே பாடி, தானே கிதார் வாசித்து, கீபோர்டையும் தாளத்தையும் பிறகு சேர்த்துக்கொள்பவருக்கு ஒரு வழி. வில்லும் உடுக்கையும் குடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓட வேண்டிய வில்லுப்பாட்டுக் குழுவுக்கு வேறு வழி. கோயர் எனும் பாடகர் குழுவை வைத்துக் கிறிஸ்தவப் பாடல் செய்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரெக்கார்டிங்கும், தனித்தனியாகப் பதிவானதை அளவாகக் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்சிங்கும் ஒரே இடத்தில் நடந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்தால்தான் காசு மிஞ்சும்.

போன் எதுவரை உதவும்

மெட்டு மறந்துபோகாமல் இருக்க, சரணத்தில் எந்த வரி வாயில் புரள மறுக்கிறது என்று பார்க்க, நண்பருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க, இதற்கெல்லாம் போனை மிஞ்சிய கருவி கிடையாது. பேண்ட்லேப் செயலி இலவசம். ஐபோன் என்றால் கராஜ்பேண்டும் இலவசம். இரண்டிலும் தனித்தனியாகப் பாடி வாசித்ததை டிராக் மேல் டிராக்காக அடுக்கலாம்.

ஆனால் போனில் இருக்கும் மைக் பேச்சுக்காகச் செய்தது. பல போன்களில் சத்தம் கூடினால் அதுவே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் அதுவே கூட்டிக்கொள்ளும், பின்னால் விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதை இரைச்சல் என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பாடினால் சுருதி ஏறி இறங்கிக் கேட்பது அதனால்தான். மெல்லத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் பல்லவி, மெல்லவும் இல்லாமல் உச்சமும் இல்லாமல் தட்டையாகிவிடும். இன்னொன்று, ப்ளூடூத் இயர்போன் மாட்டிக்கொண்டு டிராக் மேல் டிராக் பாடக் கூடாது. ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் போய்விடும், தாளம் கண்டிப்பாகப் பின்னுக்கு இழுக்கும். வயர் உள்ள இயர்போன் போதும்.

இதுவரைதான் போன். வெளியிடப் போகும் பாட்டுக்குக் குரலை இதில் எடுக்க வேண்டாம்.

வீடு: மைக்கைவிட அறைதான் விவகாரம்

நம் பக்கத்து கான்கிரீட் வீடுகளில் ஓர் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. தளத்தின் உயரமும் பத்தடி. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பது ஒலிக்கு மிக மோசமான வடிவம். பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும்போது சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒரு வீக்கம் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம் என்பதால் மூன்று வீக்கமும் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். பேஸ் கிதாரின் ஏ கம்பியைத் திறந்து தட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் அறையே அதிர ஒலித்து, பக்கத்துச் சுரம் காணாமல் போவது கிதாரின் குற்றம் இல்லை.

நல்ல செய்தி, குரலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குரலின் தொல்லை வெறும் சுவரும் மொசைக் தரையும் தருகிற எதிரொலி. அதை வீட்டில் இருப்பதை வைத்தே அடக்கலாம். மைக் உங்கள் முகத்தைப் பார்க்கிறது, ஆகவே அது கேட்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். பலர் மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். மெத்தை போக வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுப்பக்கம். பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தி, அதற்கு முன்னால் நின்று பாடுங்கள். பக்கவாட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைக்கலாம். பத்தமடைப் பாயைத் தரையில் விரித்தால் மேல்ஸ்தாயிக் கூர்மை கொஞ்சம் மட்டுப்படும், கால் சத்தமும் குறையும். கீழ்ஒலிக்கு அது எதுவும் செய்யாது. அந்த 57 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளமே ஒன்றரை மீட்டர் வருகிறது. பாய், ஓரங்குல ஸ்பாஞ்ச், முட்டை அட்டை எல்லாம் அதன் வழியில் நிற்கக்கூட முடியாது. முட்டை அட்டைக்கு யாராவது காசு கேட்டால் முட்டையோடு கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி வெளிச்சத்தம். நெல்லையில் இதற்குப் பஞ்சாங்கமே பார்க்க வேண்டும். சித்திரையிலும் ஆடியிலும் ஏதாவது ஒரு தெருவில் கோயில் கொடை விழா இருக்கும், விடிய விடியக் குழாய் ஸ்பீக்கர் ஓடும். மார்கழியில் அதிகாலை போச்சு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் ஜன்னல் கதவு சும்மா இருக்குமா? தை, மாசியில் காற்று அடங்கியிருக்கும், மின்விசிறியை நிறுத்தினாலும் உட்கார முடியும். வீட்டில் ரெக்கார்டிங் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல பருவம் அதுதான்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு நல்ல நேரம், மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே யுஎஸ்பி வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மோட்டார், மிக்சி, டிவி எல்லாம் ஓய்ந்திருக்கும். எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் இருக்காது. வியர்வைதான், ஒரு துண்டு போதும். சாதாரண நாளிலும் உறுமல் கேட்டால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

மைக்கில் இரண்டு வகை: கண்டென்சரா, டைனமிக்கா

"டைனமிக் மைக் அறையின் எதிரொலியை எடுக்காது" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. டைனமிக்குக் கூர்மை குறைவு, அதனால் நீங்கள் வாயை அதன் அருகே கொண்டுபோகிறீர்கள். வேலை செய்வது அந்த அருகாமைதான். ஆறங்குலத்திலிருந்து ஓரடிக்குத் தள்ளிப் போனால் உங்கள் குரல் 6 டெசிபெல் இறங்கும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். கண்டென்சரிலும் ஆறங்குலத்தில் நின்று பாடினால் அறை பெரிதாக உள்ளே வராது. ஆனால் தெருவில் போகும் பைக்கின் கூர்மையான ஒலியையும் அது விட்டுவைக்காது.

திறந்த தொண்டையில் பாடுபவர், ராப் சொல்பவர், தெருவோர வீட்டுக்காரர் இவர்களுக்கெல்லாம் டைனமிக். 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 இன்றும் மோசமான தேர்வு இல்லை. நாளை மேடைக்கும் ஆகும், ஆலயத்துக்கும் ஆகும், விற்றாலும் போகும். போலிகள் ஏராளம் என்பதால் அங்கீகரித்த கடையில் ரசீதோடு மட்டும் வாங்குங்கள். மென்மையான குரல், புல்லாங்குழல், வீணை, நைலான் கம்பிக் கிதார் என்றால் கண்டென்சர். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் இன்டர்ஃபேஸிலிருந்து போக வேண்டும், அந்தப் பட்டன் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். எந்த மைக் ஆனாலும் முன்னால் பாப் ஃபில்டர் என்ற வலைத்திரை வேண்டும். "பாடு", "பம்பை" என்று தொடங்கும் வரிகளில் காற்று நேராக மைக்கைக் குத்தும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றே ஓரமாகத் திருப்பினாலும் பாதி குறையும்.

யுஎஸ்பி மைக் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு குரல், இனி எப்போதும் ஒரே ஒரு குரல் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாங்கலாம். பாட்டுக்காரர்கள் யாரும் அதோடு நிற்பதில்லை. அடுத்த மாதமே கிதாரையும் சேர்த்து எடுக்கத் தோன்றும், அப்போது யுஎஸ்பி மைக் சுவராகிவிடும். இரண்டு மைக் மாட்டும் இன்டர்ஃபேஸ் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவது உத்தமம். கடையில் இதையும் சவுண்ட் கார்டு என்றுதான் சொல்வார்கள். அங்கேதான் ஏமாறும் இடமும் இருக்கிறது. கைதட்டல், சிரிப்பு, குரல் மாற்றம் என்று கலர் கலராகப் பட்டன் வைத்த 'லைவ் சவுண்ட் கார்டு' வேறு. அது போனில் நேரலை போடுபவர்களுக்கானது. நமக்கு வேண்டியது 24 பிட்டில் பதிவாகும், 48 வோல்ட் தரும், ஹெட்போனில் நேரடியாகக் கேட்க வழியுள்ள சாதனம்.

24 பிட் ஏன் என்றால், அதன் கணக்குப்படி மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 144 டெசிபெல் இடம் கிடைக்கிறது. 16 பிட்டில் 96. எனவே மீட்டர் சிவப்பைத் தொடும் அளவுக்குத் தள்ள வேண்டியதில்லை. உச்சக்கட்டத்தில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும், கூட்டுவது பிறகு கூட்டிக்கொள்ளலாம். வெடித்துப் பதிவான குரலைச் சரிசெய்வது பெரும்பாடு.

பாடும்போது உங்கள் குரலே உங்களுக்குத் தாமதமாகக் கேட்டால் மென்பொருளில் பஃபர் அளவைக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி, 1024 வைத்தால் 21. பாடும்போது குறைவு, மிக்சிங்கின்போது அதிகம்.

மென்பொருள் சண்டையில் நான் இறங்குவதில்லை. ரீப்பர் 60 நாள் முழுதாகப் பழகிப் பார்க்கவிடும், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி இலவசம், குரலை எடுத்து வெட்டி ஒட்டத் தாராளமாகப் போதும். எஃப்எல் ஸ்டூடியோ வாங்குபவர்கள் மட்டும் கவனிக்கவும்: அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பில் மைக் வைத்துக் குரல் பதிவு செய்யும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்டூடியோ: கடிகாரம் ஓடும் இடம்

பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ ஒரு நல்ல ஸ்டூடியோவுக்குப் போனால் கிடைப்பது மூன்று. அமைதியான அறை, ஒழுங்காகப் பராமரித்த மைக், எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொருவர் காது. "ரெண்டாவது வரில சுருதி இறங்குது தம்பி, இன்னொருக்க பாடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அம்மா சொல்ல மாட்டாள். நண்பன் சொன்னால் சண்டை வரும்.

கொடுக்க வேண்டிய விலை, மணிக்கணக்கு. சொந்தப் பாட்டுக்காரருக்கு அதுதான் பெரிய இடி. பிறர் பாட்டைப் பாடப் போகிறவருக்கு எல்லாம் முடிவாகியிருக்கும். சொந்தப் பாட்டோ மைக் முன்னால் நிற்கும்போதும் மாறிக்கொண்டிருக்கும். சரணம் நீளம் என்று தோன்றும், நடை சற்று வேகமாக இருக்கலாமோ என்று தோன்றும். வீட்டில் தோன்றினால் அது படைப்பு. ஸ்டூடியோவில் தோன்றினால் பில்.

ஆகவே பாட்டை ஸ்டூடியோவில் எடுக்க முடிவு செய்தாலும் வீட்டில் ஒரு தடவை முழுசாகச் செய்துபார்த்துவிட்டுப் போங்கள். வேகம் நிமிடத்துக்கு எத்தனை அடி, எங்கே இடையிசை, பல்லவி எத்தனை முறை, எல்லாம் தாளில் இருக்கட்டும். சுருதியை முடிவு செய்வதில் ஒரு கண்ணி உண்டு. இரவில் வீட்டார் தூக்கம் கெடாமல் மெல்லப் பாடும்போது ஒரு கட்டைச் சுருதியில் சுகமாக இருக்கும் பாட்டு, திறந்த குரலில் நின்று பாடும்போது சோர்ந்து கேட்கும், ஒன்றரைக் கட்டையோ இரண்டு கட்டையோ தேவைப்படும். பகலில், முழுக்குரலில் பாடித்தான் கட்டையைத் தீர்மானிக்க வேண்டும். கீபோர்டு டிராக்கெல்லாம் தவறான சுருதியில் முடிந்தபின் இது தெரியவந்தால் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

செலவுக் கணக்கு எளிது. இன்டர்ஃபேஸ், மைக், ஸ்டாண்ட், கேபிள், மூடிய வகை ஹெட்போன் இவற்றின் விலையைக் கூட்டி, உங்கள் ஊர் ஸ்டூடியோ மணிக்குக் கேட்கும் தொகையால் வகுங்கள். வருவது எத்தனை மணி நேரமோ, அவ்வளவு நேரத்துக்கு மேல் அடுத்த இரண்டு வருடத்தில் பாடப் போகிறீர்களா? ஆமென்றால் வீடு. அக்கா கல்யாணத்துக்கு ஒரு பாட்டு, தாத்தா நினைவுக்கு ஒரு பாட்டு, அதோடு சரி என்றால் யோசிக்காமல் ஸ்டூடியோ. ஒரு பாட்டுக்காகக் கருவி வாங்குவதில் லாபமே இல்லை.

நம் பக்கத்து ஸ்டூடியோக்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு புரோகிராமரும் ஸ்டூடியோவும் ஒன்றாகவே கிடைக்கும் இடங்களில், யார் போனாலும் அதே தபேலா லூப், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் அதே கீபோர்டு பேட், அதே புல்லாங்குழல் இடையிசை. பக்திப் பாட்டும் காதல் பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வெளியே வரும். ஆகவே இசையமைப்பை நீங்கள் கொண்டுபோங்கள், குரலை மட்டும் அங்கே எடுங்கள். அப்படிச் செய்தால் நேரமும் பாதியாகும்.

கூட்டமாக வாசிப்பவர்களுக்கு: மண்டபமும் மைக் செட்டும்

வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், மகுடக் கொட்டு, நான்கைந்து பேர் இசைக்குழு. இவர்களை ஒருவர் பின் ஒருவராக ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தால் உயிர் போய்விடும். வில்லில் வீசுகோல் விழும் வேகம் பாடுபவரின் மூச்சைப் பார்த்து ஏறும், இறங்கும். சீரான வேகத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக் டிராக் போட்டு அதைக் கட்டினால் அது வில்லுப்பாட்டாக இருக்காது. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கான வாத்தியங்கள். பத்துக்குப் பத்து அறையில் வாசித்தால் மைக்குக்கு முன்னால் காது கெட்டுவிடும். பல ஸ்டூடியோக்களில் குரல் எடுக்கும் பூத் என்ற சிற்றறையும் ஓர் ஆள் நிற்கத்தான் செய்தது.

இவர்களுக்கு நான் சொல்வது, ஊரில் டிஜிட்டல் மிக்சர் வைத்திருக்கும் மைக் செட்காரர். மேடைக்கு வரும் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற மிக்சர்கள் யுஎஸ்பி வழியாக 18 சேனலைத் தனித்தனி டிராக்காக லேப்டாப்பில் இறக்கிவிடும். எக்ஸ்32 என்றால் 32. அவரிடம் மைக்கும் ஸ்டாண்டும் கேபிளும் ஏற்கெனவே இருக்கின்றன, மேடையில் உங்கள் குழுவுக்கு எங்கே மைக் வைத்தால் விசில் அடிக்காது என்றும் தெரியும். இதைப் பதிவுக்குப் பயன்படுத்தலாம் என்று அவருக்கே தோன்றியிருக்காது. ஒரு நாள் வாடகை பேசி, லேப்டாப்பை நீங்கள் கொண்டுபோனால் போதும். முந்தின நாளே கேபிளை மாட்டி, எல்லா டிராக்கும் விழுகிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

இடம்? முகூர்த்தம் இல்லாத நாளில் சின்ன மண்டபம். ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும், ஆனால் மைக் செட்காரர் கொடையில் இருப்பார். புரட்டாசியில் தசரா தொடங்குமுன் பிடித்தால் இரண்டும் கிடைக்கும். பெரிய கல்யாண மண்டபம் வேண்டாம், ஆளில்லாத நேரத்தில் அதன் எதிரொலி மூன்று வரிக்குத் தொடரும். பின்னால் துணித்திரை தொங்கும் மேடை, ஓடு வேய்ந்த பள்ளிக்கூடக் கூடம், தாழ்வாரமுள்ள பழைய வீடு, இவை நல்லவை. ஓட்டுக் கூரை ஒலியைப் பல திசையில் சிதறவிடும், கான்கிரீட் தளம்போல அறைந்து திருப்பாது.

இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. எல்லா மைக்கிலும் எல்லோரும் விழுவார்கள். உடுக்கை மைக்கில் பாடகர் குரல் இருக்கும். பிறகு குரலின் சுருதியை மட்டும் திருத்த முடியாது, தப்பான இடத்தை மட்டும் வெட்ட முடியாது. சேர்ந்து வாசித்தது சரியாக வந்தால்தான் உண்டு. மைக்குகளை வாத்தியத்துக்கு அருகே வைத்து, ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் உள்ள தூரம், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கலங்கல் குறையும். நாதஸ்வரத்துக்கு மட்டும் இந்த அருகாமை ஆகாது, நாலைந்து அடி தள்ளி வையுங்கள். கொடை மேடையில் வருடக்கணக்காக வாசித்த குழுவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. போன மாதம் சேர்ந்த குழு என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஆலயக் கோயர் வைப்பவர்கள் கலந்து செய்யலாம். கீபோர்டும் முதன்மைக் குரலும் வீட்டில் தனித்தனியாக. கோயரை மட்டும் ஆலயத்திலோ பள்ளி அரங்கிலோ இரண்டே மைக்கில், ஏழெட்டு அடி தள்ளி நின்று எடுங்கள். அங்கே எதிரொலி பகை இல்லை, கோயருக்கு அது வேண்டியதுதான்.

மிக்சிங்கை நீங்களே செய்வதா, வெளியே கொடுப்பதா

இங்கேதான் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. வீட்டில் பதிவு செய்யுங்கள், முதல் பாட்டின் மிக்சிங்கை வெளியே கொடுங்கள்.

காரணம் திறமை மட்டும் இல்லை, கேட்கும் சூழலும்தான். நம்மில் பெரும்பாலோர் மிக்சிங் பண்ணுவது இரவு பத்து மணிக்கு மேல், வீட்டார் தூங்கியபின், ஸ்பீக்கரை மெல்ல வைத்துக்கொண்டு. மனிதக் காது மெல்லிய ஒலியில் கீழ்ஸ்தாயியைக் குறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து சொன்ன விஷயம். ஆகவே பேஸ் போதவில்லை என்று கூட்டுவோம். காலையில் அதே பாட்டை மினி பஸ் ஸ்பீக்கரில் போட்டால் குரலே கேட்காது, கொட்டு மட்டும் கேட்கும். போதாக்குறைக்கு அந்த 57 ஹெர்ட்ஸ் வீக்கம். தலையை ஓரடி முன்னால் நகர்த்தினால் ஒரு பேஸ், பின்னால் சாய்ந்தால் வேறு பேஸ். இந்த அறையில் ஐந்தங்குல ஸ்பீக்கர் ஜோடி வாங்கிப் போடுவதைவிட நல்ல ஹெட்போன் ஒன்று மேல். ரெக்கார்டிங்குக்கு வாங்கிய மூடிய வகையே ஆரம்பத்துக்குப் போதும், சத்தம் மைக்கில் கசியாது என்பதற்காக வாங்கியதுதானே. பணமிருந்தால் மிக்சிங்குக்குத் திறந்த வகை. எது வாங்கினாலும், உங்களுக்குப் பிடித்த, நன்றாக வெளிவந்த பாட்டு ஒன்றை அதே ஹெட்போனில் அடிக்கடி போட்டுக் கேட்டு உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

வெளியே கொடுப்பதில் தூரம் இன்று பிரச்சினையே இல்லை. சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும் கோப்பு போக அதே நேரம்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. நாலு நிமிடப் பாட்டு, இருபது டிராக் என்றால் 700 எம்பிக்குச் சற்றுக் குறைவு. வாட்ஸ்ஆப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும். டாக்குமென்டாகவோ டிரைவ் இணைப்பாகவோ அனுப்புங்கள். எல்லா டிராக்கும் பாட்டின் பூஜ்ஜிய விநாடியிலிருந்தே தொடங்க வேண்டும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்பிரஷர் எதுவும் போடாமல் அனுப்புங்கள். கூடவே உங்கள் மனதில் இருக்கும் சாயலில் நீங்களே செய்த ரஃப் மிக்ஸ் ஒன்று. அது இல்லாவிட்டால் அவர் தன் ரசனைக்குச் செய்வார், பிறகு அவரைக் குறை சொல்லக் கூடாது. எத்தனை முறை திருத்தம் செய்து தருவார் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

திரும்பி வந்ததை உங்கள் ரஃப் மிக்ஸோடு வரி வரியாக ஒப்பிட்டுக் கேட்பதுதான் முதல் பாட்டில் உங்களுக்குக் கிடைக்கும் பாடம். குரலில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியிருப்பார். 200 முதல் 400 வரை உள்ள மந்தத்தைக் கிதாரிலும் கீபோர்டிலும் கொஞ்சம் இறக்கியிருப்பார். 'ச', 'ஸ' சீறும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையில் கை வைத்திருப்பார். நீங்கள் அள்ளிப் போட்ட ரிவெர்ப்பில் பாதிகூட இருக்காது. இப்படி இரண்டு மூன்று பாட்டு கேட்டபின் நீங்களே செய்யத் தொடங்கினால் யூடியூபில் பாடம் பார்த்துக்கொண்டே சுற்றும் காலம் மிச்சமாகும். தாளமும் குரலும் கிதாரும் மட்டுமே உள்ள எளிய பாட்டு என்றால் முதல் பாட்டையே நீங்கள் செய்யலாம், ஐந்தாறு டிராக்கில் பெரிதாகக் கெடுக்க ஒன்றுமில்லை. கூட்டமாக எடுத்த வில்லுப்பாட்டுப் பதிவையோ கண்டிப்பாக அனுபவசாலியிடம் கொடுங்கள்.

மிக்ஸான பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் மாஸ்டரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டின் சத்தத்தையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற உரப்பு அளவுக்குச் சமப்படுத்திவிடுகிறது, அதனால் பாட்டைச் சுவரில் அறைந்ததுபோல் உரக்கச் செய்து பயனில்லை. இணையத்தில் தானாக மாஸ்டர் செய்து தரும் சேவைகள் நல்ல மிக்ஸைக் கெடுக்காது, கெட்ட மிக்ஸைக் காப்பாற்றாது. வெளியிடுமுன் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல போன்களில் இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து ஒன்றாகும்போது, அகலமாக விரித்து வைத்த கோரஸ் மறைந்துபோகும்.

எங்கே செய்தாலும் முதல் ரூபாய் கைமாறுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி வரிகளின் உரிமை எழுதியவருக்கும் மெட்டின் உரிமை இசையமைத்தவருக்கும் போகிறது, அவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை தனி, அது தயாரிப்பாளருடையது. ஸ்டூடியோக்காரர் "நம்ம சேனல்லயே போட்டுக்கலாம் தம்பி, ரெக்கார்டிங் ஃப்ரீ" என்று அன்பாகச் சொன்னால், தயாரிப்பாளர் யார் என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். பணம் கொடுத்து எடுக்கிறீர்கள் என்றால் தயாரிப்பாளர் நீங்கள்தான் என்று எழுதி வாங்குங்கள். முடிந்த பாட்டு மட்டுமின்றி, எஃபெக்ட் இல்லாத தனித்தனி டிராக் அத்தனையும் ஹார்டு டிஸ்கில் கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.